சண்டைக்கு ஆள் இல்லாதவர்

முதலில் நாக்கைத்தான் பார்ப்பார். பேர் என்ன, எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்பதெல்லாம் அப்புறம். பாப்பாரப்பட்டியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அவருக்குப் பொட்டலம் கட்டுகிற வேலை. சுக்கு, ஓமம், வசம்பு என்று கேட்டு வந்தவர்களிடம், பொட்டலத்துக்கு நூல் சுற்றிக்கொண்டே, "கொஞ்சம் நாக்கை நீட்டுங்க" என்பார். எதற்கு என்று யோசிப்பதற்குள் மனுஷர்கள் நீட்டிவிடுவார்கள். அது என்னவோ, நாக்கை நீட்டச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஓரங்கள் இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு அடுத்தாற்போல் கேட்பார்: "யார் மேலங்க கோவம்?"

பாதிப் பேர் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருதரம் பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மச்சினன் மேல" என்பார்கள். "எங்க மாமியா மேல" என்பார்கள். இவர் தலையை ஆட்டுவார். "உள்ளயே வெச்சிருக்காதீங்க. ஈரலுக்கு ஆகாது. போய்ச் சொல்லிருங்க." சுக்குக்கும் ஓமத்துக்கும் முதலாளி காசு வாங்கிக்கொள்வார். இந்த யோசனை இலவசம்.

எனக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது என் வாயால்தான். தர்மபுரி தனி மாவட்டம் ஆன புதிது. இண்டூருக்குப் போகிற வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலைக்கு வந்து, பாப்பாரப்பட்டியில் வீடு பிடித்திருந்தேன். நீளமான ஓட்டு வீடு. நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதி எங்களுக்கு, மறுபாதியில் அவர். குடிவந்த அன்று, என் அம்மா வீட்டுச் சீதனமான பித்தளை அண்டாவை மாட்டுவண்டிக்காரன் கீழே போட்டு நசுக்கிவிட்டான். நான் விடவில்லை. தெரு முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. வண்டிக்காரன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று போன பிறகு பார்த்தால், பக்கத்து வாசலில் ஒல்லியான ஒரு மனுஷர், வெள்ளை பனியனும் கட்டம்போட்ட லுங்கியுமாக, கச்சேரி கேட்டு முடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"நாக்கைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

"உங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

"காட்ட வேண்டாங்க. கேட்டதே போதும். உங்க ஈரல் ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரங்கூன்காரர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். சின்ன வயதில் அப்பாவோடு கப்பலேறிப் போனவர். அங்கே ஒரு சீனத்து மருந்துக் கடையில் சேர்ந்து, வேர்களையும் பட்டைகளையும் நிறுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். கடை கண்ணிகளையெல்லாம் அங்கத்து சர்க்கார் எடுத்துக்கொண்டபோது நம் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்களே, அதில் ஒருவர். இண்டூர்ப் பக்கம் அவருக்குச் சொந்த நிலம் இருந்தது. வந்து பார்த்தால் பங்காளிகள் அதில் கேழ்வரகு விதைத்திருந்தார்கள். "இத்தனை நாள் நாங்கதான பாத்துக்கிட்டோம்" என்றார்களாம். இவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் பாப்பாரப்பட்டிக்கு வந்து, மருந்துக் கடையில் வேலை கேட்டிருக்கிறார். தராசைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்தே முதலாளி வைத்துக்கொண்டாராம்.

அந்த "சரிங்க" அவருக்கு மூச்சு மாதிரி. யார் என்ன சொன்னாலும் சரிங்க. ஆட்டுக்குட்டி வந்து வேர்மூட்டையில் வாய் வைத்தால், "அந்தப் பக்கம் போங்க" என்பார். வந்த புதிதில் கடையில் சீன வைத்தியம் என்று ஏதோ சொல்லியிருக்கிறார். எல்லையில் சண்டை நடந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. ராணுவத்தில் இருந்து வந்த ஒருவர் பிடித்துக்கொண்டார். "நம்ம பசங்களைக் கொன்னவனோட வைத்தியமாய்யா இங்க பண்ற?" என்று சட்டையைப் பிடிக்காத குறை. இவர் "சரிங்க" என்றார். அதோடு சீனா என்ற சொல்லையே விட்டுவிட்டார். தனக்குக் கற்றுக்கொடுத்த சீன வைத்தியரை "எங்க பெரியவரு" என்று மட்டும் சொல்வார்.

பெரியவர் சொன்ன கணக்கு இதுதான். "உடம்பு ஒரு ராஜ்ஜியமுங்க. இருதயம் ராஜா. ஈரல் தளபதி. கோவம் தளபதிக்கு உண்டானது. வெளிய போகவேண்டிய படையைக் கோட்டைக் கதவைச் சாத்தி உள்ளயே நிறுத்தி வெச்சா என்னங்க ஆகும்? நம்ம ஊரை நம்ம படையே சூறையாடும்." ஈரலுக்கு வாசல் கண். ஈரல் கெட்டால் நகத்தில் தெரியும், நாக்கின் ஓரத்தில் தெரியும், இடது மணிக்கட்டு நாடியில் நடுவிரலுக்குக் கீழே தெரியும். அதற்குப் பிடித்த சுவை புளிப்பு. அதன் நிறம் பச்சை. இதையெல்லாம் அவர் சொல்லும்போது நம்ப வேண்டும் போலவே இருக்கும், அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் படித்தது வேறு. கல்லீரல் பித்தநீர் சுரக்கும், சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், உடம்புக்குள் வந்த விஷத்தை முறிக்கும். கோபத்துக்கு அதில் இடமே இல்லை. என் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஓசூர்ப் பக்கம் ரூட். அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, ஆட்டு ஈரல் வாங்கி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, தின்று முடித்து, கை காய்வதற்குள் எங்களுக்குள் சண்டை வந்துவிடும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த சண்டை. நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்துதான் கிடக்கும். திங்கட்கிழமை காலையில் ரங்கூன்காரர் வாசலில் நிற்பார்.

"நேத்து நல்லா இருந்துதுங்க லேபம்மா. கடைசியில ஒரு தட்டு விழுந்துதே, அது உங்களுதா அவருதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு, அடுத்த வூட்டுச் சண்டையை ஒட்டுக் கேக்கறதுக்கு?" என்று ஆரம்பிப்பேன். அதையும் நின்று கேட்டுக்கொள்வார். மற்றவர்கள் சாயங்காலம் ரேடியோ கேட்பது போல அவர் எங்களைக் கேட்டார். சில ஞாயிறுகளில் டூட்டி மாற்றிப் போட்டு வீட்டுக்காரர் வரமாட்டார். அன்றைக்கு வறுத்த ஈரலில் ஒரு கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். "இந்த வாரம் அவங்க வரலீங்களா?" என்று கேட்பார். நிஜமாகவே முகம் வாடிவிடும். எனக்கும் வாடித்தான் இருக்கும், நான் காட்டிக்கொள்ளமாட்டேன்.

அவர் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. பாத்திரம் வைக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், தும்மல் ஒன்றும் கிடையாது. சிலநாள் எனக்கே பயமாகிவிடும். கரண்டியால் சுவரைத் தட்டுவேன். "இருக்கறனுங்க" என்பார். அவ்வளவுதான் அன்றையப் பேச்சு.

அவர் செய்ததில் ஊர் ஏற்றுக்கொள்ளாத ஒன்று உண்டு. எங்கள் பக்கம் சாமந்தி ஏக்கர் கணக்கில் பூக்கும். அதை வாங்கி வந்து, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் போட்டுக் குடிப்பார். கண் எரிச்சலுக்கும் ஈரல் சூட்டுக்கும் பெரியவர் அதைத்தான் கொடுப்பாராம். வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். சாமிக்குப் போடுகிற பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறானே பாவி என்று. எங்கள் ஆட்களுக்கோ அது கல்லறைத் திருநாளுக்குப் போடுகிற பூ. நான் ஒரு தம்ளர் குடித்துப் பார்த்தேன், கல்லறைக்குப் போய்வந்த மாதிரிதான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "சரிங்க" என்றார்.

அவர் யோசனையால் நடந்த கூத்துகளில் ஒன்றைச் சொல்லவேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு மருமகப் பெண், நெஞ்சுக்குக் கீழே எதையோ அடைத்து வைத்த மாதிரி இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்று பெருங்காயம் வாங்க வந்தாள். நாக்கைப் பார்த்தார். யார் மேல் கோபம் என்று கேட்டார். அம்மா வீட்டுக்குப் போய்வர விடமாட்டேன் என்கிறார்கள் என்று அந்தப் பெண் அழுதுவிட்டாள். "இதை எனக்குச் சொன்ன மாதிரியே அவங்ககிட்டச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா" என்று பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் மாமியார்க்காரி விளக்குமாற்றோடு கடைக்கு வந்தாள். "எவன்டா எங்கூட்டுப் பிள்ளைக்கு வாய் வளத்து வுட்டவன்?" இவர் தராசைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றார். அவள் திட்டத் திட்ட, "ஆமாங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் அவளுக்கே மூச்சு வாங்கியது. "உக்காருங்க, தண்ணி குடிங்க. கொஞ்சம் நாக்கைக் காட்டுங்க" என்றார். அவளும் நீட்டினாள்.

அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள். அதனால் இவருக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் கண் மஞ்சளாய் மாறிய ஒரு குடியானவர். அண்ணன் தம்பிக்குள் கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு. இவர் வழக்கம்போல் யோசனை சொல்ல, அந்த மனுஷர் தள்ளாடிக்கொண்டே வெயிலில் நாள் முழுக்க அண்ணனோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது தலை நிற்கவில்லை. சிறுநீரைக் கிண்ணத்தில் ஊற்றி மேலே கந்தகத் தூளைத் தூவினேன். நல்ல சிறுநீரானால் தூள் மிதக்கும். பித்த உப்பு இறங்கியிருந்தால் அடியில் போய்விடும். தூவிய தூள் அப்படியே முழுகியது. இன்னொரு சோதனையில், சிறுநீரை வடிகட்டிய வடிதாளில் மருந்து ஒரு சொட்டு விட்டேன், பித்தம் இருப்பதைக் காட்டிப் பச்சையாய்ப் படர்ந்தது.

நேரே கடைக்குப் போனேன். "இது தண்ணியில வர்ற காமாலை. கோவத்துல வந்ததில்ல. படுத்துக் கெடக்கவேண்டிய மனுஷனைச் சண்டைக்கு அனுப்பியிருக்கீங்க. செத்திருந்தா உங்க பெரியவரு வந்து பதில் சொல்லுவாரா?" என்று தெருவே கேட்கக் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு "சரிங்க" கூட வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் லேப் வாசலில் வந்து நின்றார். அந்தப் பச்சையைப் பார்க்கவேண்டும் என்றார். காட்டினேன். வடிதாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஈரலோட நிறம் பச்சைன்னு பெரியவரு சொன்னப்ப நான் மனசுக்குள்ள சிரிச்சேங்க. கசாப்புக் கடையில பார்த்தா செவப்பாத்தான இருக்குது, இவரு பச்சைங்கறாரேன்னு. இங்க பாருங்க." அது பித்தம் மருந்தோடு சேர்ந்து மாறுகிற நிறம், அவ்வளவுதான் என்று விளக்கினேன். "இருக்கட்டுங்க" என்றார். அதன் பிறகு கண் மஞ்சளாய் யார் வந்தாலும் அவர் சொல்வது மாறிவிட்டது: "மொதல்ல லேபம்மாகிட்டப் போங்க. சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்." அந்தக் குடியானவர் படுத்துக் கிடந்து, கீழாநெல்லியும் மோரும் குடித்து, டாக்டர் சொன்னதையும் கேட்டு எழுந்துவிட்டார். எதனால் குணமானது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை, ஓசூருக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிப் போட்டதற்குப் பதிலும் வரவில்லை. ஒரு தை மாதம் அவர் லுங்கியை நெஞ்சுக்குக் கிட்டத்தில் ஏற்றிக் கட்டியிருப்பதைப் பார்த்தேன். வயிறு உப்பி இருந்தது. கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. கண்ணைப் பார்த்தேன். பிறகு நான் அவரிடம் கேட்டேன், "நாக்கை நீட்டுங்க."

"வேண்டாங்க. தெனமும் கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் இருக்கறேன்" என்றார்.

எங்கள் டாக்டர் இளவயதுக்காரர், சென்னையிலிருந்து வந்தவர். ரங்கூன்காரரை மேசையில் படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். குடிப்பதுண்டா என்று கேட்டார். இல்லீங்க என்றார் இவர். சின்ன வயதில் காமாலை வந்ததா என்று கேட்டார். ரங்கூனில் வந்தது என்றார். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "சில பேருக்குக் காமாலை போயிடும், ஈரல் மட்டும் உள்ளுக்குள்ள தழும்பு கட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அப்படி இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. ஈரல் வாயில்லாப் பூச்சி ஐயா. முக்கால்வாசி போற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாது."

இவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "எங்க பெரியவரும் அதையேதாங்க சொன்னாரு!"

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நீர் இறங்க மாத்திரை கொடுத்தார். சரிசெய்ய முடியாது, தள்ளிப்போடலாம் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். ஊரோ வேறு தீர்ப்பு எழுதிவிட்டது. ஒண்டிக்கட்டை, ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வான், குடித்துக் குடித்து ஈரல் வெந்துவிட்டது என்று பேசினார்கள். சொட்டுக் கள்ளைக்கூடத் தொடாத மனுஷர். அவர் காதிலேயே விழுந்தது. "சொல்லிட்டுப் போறாங்க" என்றார். அவருக்குப் பதிலாக நான் மளிகைக் கடை வாசலில் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டேன்.

பிறகுதான் அவர் தனக்குத் தானே வைத்தியம் செய்துகொள்ளக் கிளம்பினார். சந்தைக்குப் போய்ச் சண்டை போடுவது. வீட்டில் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டே போனார், சுவருக்கு மேலே எனக்குக் கேட்டது: "என்ன வெலை இது? கொள்ளையடிக்கிறீங்களா?" மத்தியானம் பை நிறையக் கத்தரிக்காயும் அவரைக்காயுமாகத் திரும்பி வந்தார். "முடியலீங்க லேபம்மா. நான் வாயைத் தொறந்தா, அவங்க என் கண்ணைப் பாக்கறாங்க. 'காமாலையா சாமி, சும்மா எடுத்துக்கிட்டுப் போ'ன்னு அள்ளிப் போட்டுடறாங்க." பங்காளிகள் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார். அவர்கள் கட்டிலை எடுத்துப் போட்டு உட்காரவைத்து, கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். நிலத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை என்றார். உப்புச் சேர்க்கக் கூடாதென்று அந்தக் குழம்பையும் தொடாமல் வந்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் வீட்டுக்காரர் ஒருநாள் லீவு போட்டு, "வாங்க, ஒகேனக்கல் போய்ட்டு வரலாம், அங்க எவ்வளவு வேணுன்னாலும் கத்துங்க" என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் நிறைய விழுந்துகொண்டிருந்த சமயம். அருவிக்கு எதிரே பாறைமேல் அவரை நிறுத்திவிட்டு நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டோம். அவர் வாயைத் திறப்பது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைப்பதுகூடத் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பரிசல்காரர் ஒருவர், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் துடுப்போடு ஓடினார்.

மீன் வறுக்கிற கடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். "எனக்கே கேக்கலீங்க" என்றார். ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஆள் இல்லாம கத்தறது கோவம் இல்லீங்க, வெறும் சத்தம். கோவத்துக்கு ஆள் வேணுங்க. கண்ட ஆளும் ஆகாது, நம்ம ஆளா இருக்கோணும்."

"உங்களுக்குன்னு யாருமே இருந்ததில்லீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்து இத்தனை வருஷத்தில் அன்றுதான் கேட்டேன்.

இருந்தாள். பர்மாக்காரப் பெண். மருந்துக் கடைக்கு எதிரில் மீன்குழம்பு ஊற்றிய சேமியா விற்றவள். தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலாம். கல்யாணம் செய்துகொண்டு இருந்தவரைக்கும் தினமும் அவள் திட்டுவாள், இவர் கேட்டுக்கொள்வார். ஊர் திரும்பவேண்டும் என்று ஆனபோது அவளும் வருவதாகத்தான் பேச்சு. துறைமுகம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அங்கே வந்து, நான் வரவில்லை என்றாள்.

"சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. அவங்க இஷ்டம், நாம யாரு கட்டாயப்படுத்தறதுக்குன்னு நெனச்சு நான் சரின்னுட்டேன். பையைக் கையில குடுத்தாங்க. நான் ஏறிட்டேன். கப்பல் நவுந்ததுக்கு அப்பறந்தாங்க எனக்குப் புரிஞ்சுது, எதுக்கு நின்னாங்கன்னு. ஒரு அதட்டு. 'வரலையா, என்னடி பேசற நீ'ன்னு ஒரே ஒரு அதட்டு. அதுக்குத்தான் நின்னாங்க."

என் வீட்டுக்காரர் எழுந்து டீ வாங்கப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் பொரிக்கிற புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நாக்கைப் பார்த்து, போய்ச் சொல்லிவிடுங்கள், சண்டை போடுங்கள் என்று இந்த மனுஷர் ஏன் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மழைக்காலம் முடியும்போது வயிற்றில் நீர் மறுபடி சேர்ந்து, தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேலை முடிந்ததும் உப்பில்லாக் கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். அவர் ஜன்னல் ஓரக் கட்டிலில், ஜன்னலைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பார். பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்து, சோற்றைப் பிரித்து, தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். "நீங்க எதுக்குங்க தெனமும் அலையறீங்க" என்பார் என்னிடம். ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் ஒன்றும் கேட்கமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூருக்கு மாற்றல் வந்தது. எத்தனை காலமாக நான் காத்திருந்த மாற்றல். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், வாரம் முழுக்க வீட்டுக்காரரோடு இருக்கலாம். உடனே வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. எப்படிச் சொல்வது என்றுதான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது, இதைச் சொன்ன அன்று, அந்த ஒரே தடவைதான். அதனால் ஈரல் குணமாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ளவேண்டாம். மறுநாளும் சோதித்தார்கள், அதே பச்சைதான். டாக்டர்கள் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது, பங்குனி பிறப்பதற்குள் முடிந்துவிட்டது. நான் ஓசூரில் போய்ச் சேர்ந்தது அதற்கும் பிறகுதான். மேலே இருந்தவர்களிடம் அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

அன்று கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"சந்தோசங்க" என்றார். "ரொம்ப நல்லதுங்க. அவங்களும் அங்க தனியாத்தான இருக்காங்க. போய்ட்டு வாங்க."

தூக்குப் பாத்திரத்தைக் கழுவி மூடினேன். பையில் வைத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பவேண்டியதுதான். ஆனால் கட்டில் பக்கத்தில் அப்படியே நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் என்னைப் பார்த்தார். கண் மஞ்சள் பூத்து, முகமெல்லாம் எலும்பாகிவிட்டிருந்தது. சரி, போகலாம் என்று திரும்பினேன்.

"எங்க போற நீ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அது அவர் குரல் என்று எனக்குப் புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

"மாத்தல் வந்துருச்சாம், போறாளாம்! இங்க ஒருத்தன் கெடக்கறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு? சொல்ல வந்துட்டா பெருசா. பையைக் கீழ வை. வைன்னா வை!" எழுந்து உட்கார முயன்றார், முடியவில்லை, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "முந்தாநேத்து ஏன் வரல? வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனே, ஏன் வரல? உப்பும் இல்லாம ஒறப்பும் இல்லாம தெனமும் ஒரு கஞ்சியக் கொண்டாந்து ஊத்தற, மனுஷன் குடிப்பானா அதை?" மூச்சு வாங்கியது. நடுநடுவே தமிழ் தவறிப்போய் பர்மா பாஷை வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் நிறுத்தவில்லை.

பிறந்ததிலிருந்து யாருடைய அதட்டலுக்கும் நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அன்று பையைக் கீழே வைத்தேன்.

வார்டு நர்ஸ் ஓடி வந்தாள். "யாருங்க இங்க சத்தம் போடறது? மத்தவங்க படுத்திருக்காங்கல்ல? நீங்க யாரும்மா இவருக்கு?"

"தங்கச்சி" என்றேன். "எங்கண்ணன் என்னைத் திட்டிக்கிட்டு இருக்காருங்க. முடிக்கட்டும், கொஞ்சம் இருங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.